பசியா, தூக்கமா, குடியா: என் உடம்பு சொன்னது எனக்கே புரியாமல் போன கதை

டாஸ்மாக் கடை திறப்பது பகல் 12 மணிக்கு. எனக்கு 11.30-க்கே வாயில் எச்சில் ஊற ஆரம்பித்துவிடும். அடிவயிற்றில் ஈரத்துணியைப் பிழிவது மாதிரி ஒரு முறுக்கு, உள்ளங்கையில் வேர்வை, காது மடலில் சூடு. ஒரு சொட்டுகூட இன்னும் உள்ளே போயிருக்காது. அதற்குள் உடம்பு பந்தல் போட்டு வாழைமரம் கட்டி வரவேற்க நின்றுகொண்டிருக்கும். இப்படிப் பிரித்துச் சொல்ல இப்போதுதான் தெரிகிறது. அன்றைக்கு எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரே பெயர்தான்: டென்ஷன். டென்ஷனுக்கு ஒரே மருந்துதான்.

எனக்கு வயது 43. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டரிலிருந்து ஷிப்மென்ட் வரை கவனிக்கிறவன். எப்போதாவது குடித்துக்கொண்டிருந்தவன், 2020 கடைசியில் தினசரிக் குடிகாரன் ஆனேன். 2022-ல் நூல் விலை ஏறி, ஆர்டர் எடுத்ததே நஷ்டம் என்று முதலாளி தலையில் கை வைத்த நேரத்தில் ஒரு குவாட்டர் இரண்டானது. அடுத்த வருடம் மூன்று. பொறுப்பை ஆர்டர் மேலும், அதைக் கொடுக்கிற பையர் மேலும் போடுவது சுலபம். உண்மையில் ஷிப்மென்ட் நல்லபடியாகப் போன நாளிலும் குடித்தேன், போகாத நாளிலும் குடித்தேன். சரக்கு, சைட் டிஷ், தண்ணி, கப் எல்லாம் சேர்த்து சராசரியாக நாளுக்கு ₹400. வருடத்துக்கு ₹1,46,000. மூன்று வருடத்துக்கு ₹4,38,000. இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தது எல்லாம் முடிந்த பிறகு, ஆஸ்பத்திரி பில்லின் பின்பக்கத்தில்.

அந்த மூன்று வருடமும் உடம்பு சும்மா இருக்கவில்லை. விடியக்காலை நாலு மணிக்கு நெஞ்சு தடதடவென்று அடித்து எழுப்பிவிடும். பனியன் நனைந்திருக்கும். ஹார்ட் அட்டாக் என்று பயந்து ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் டெஸ்ட் எல்லாம் எடுத்தேன். ₹7,800 செலவு, எல்லாம் நார்மல். வயிறு காந்துகிறது என்று எண்டோஸ்கோபி, ₹4,500. இரைப்பை புண்ணாகியிருக்கிறது, காரத்தைக் குறையுங்கள் என்றார்கள். இரண்டு டாக்டர்களுமே "டிரிங்க்ஸ் உண்டா?" என்று கேட்டார்கள். இரண்டு பேரிடமும் "எப்பவாச்சும் சார், ஃபங்ஷன்னா" என்றேன். அந்த நாலு மணிப் படபடப்பு, ராத்திரி குடித்தது இறங்கும்போது உடம்பு அடுத்ததைக் கேட்டு அடித்த மணி. அது தெரியாமல் இதயத்தில் கோளாறு தேடிக்கொண்டிருந்தேன். இதைப் படிப்பவர்களில் யாராவது அதே நிலையில் இருந்தால் தயவுசெய்து இந்த ஒன்றைச் செய்யுங்கள்: டாக்டரிடம் "எப்பவாச்சும்" என்று சொல்லாதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை குவாட்டர், கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, இந்த இரண்டையும் அப்படியே சொல்லுங்கள். வெட்கம் ஒரு நிமிஷம்தான். நான் அந்த வெட்கத்தை மிச்சம் பிடித்ததில் ₹12,300 போனது. அதன் பிறகு போனதோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

நிறுத்த வேண்டும் என்று தோன்றியது ஒரு செக்கால். 2023 டிசம்பரில் வீட்டுக் கடன் விஷயமாக நான் கொடுத்த செக், கையெழுத்து பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. பேங்குக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் ஒரு காகிதத்தை நீட்டி "இதுல ஒரு தடவை போடுங்க சார்" என்றாள். காலை 10.30 மணி. பேனா முனை காகிதத்தில் பட்டதும் எறும்பு ஊர்ந்த மாதிரி கோடு போனது. இரண்டாம் தடவை இன்னும் மோசம். அவள் ஒன்றும் சொல்லவில்லை, என் முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டாள். அந்த மரியாதைதான் சுருக்கென்று தைத்தது.

பொங்கல் லீவில் நிறுத்துவது என்று முடிவு செய்தேன். 2024 பொங்கல். மனைவியையும் மகளையும் தாராபுரத்தில் மாமனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். போகி ராத்திரி 11 மணிக்குக் கடைசிப் பெக். மறுநாள் பொங்கலை எப்படியாவது பல்லைக் கடித்துத் தாண்டிவிட்டால், அதற்கு அடுத்த நாள் திருவள்ளுவர் தினம், கடையே கிடையாது. நினைத்தாலும் வாங்க முடியாது. என் திட்டத்தைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ரோஷம் இருந்தால் ஒரே நாளில் நிறுத்தலாம் என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறோம்?

பொங்கலன்று மத்தியானம் முதல் கை நடுங்கியது. தை மாசக் குளிரில் வேர்த்து ஊற்றியது. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. தெருவில் நாய் குரைத்தால் உடம்பே தூக்கிப்போட்டது. "இதெல்லாம் குடி கேட்கிற அடம், தாங்கிக்கொள்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அங்கேதான் தப்புச் செய்தேன். குடிக்கத் தோன்றுவது வேறு. குடிக்குப் பழகின மூளை, குடி கிடைக்காமல் கட்டவிழ்வது வேறு. உள்ளே இருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். மாட்டுப் பொங்கலன்று காலை பத்து மணி வாக்கில் அம்மா பொங்கல் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். கதவு உள்ளே தாழ் போடாமல் இருந்தது என் அதிர்ஷ்டம். பாத்ரூம் வாசலில் ஃபிட்ஸ் வந்து கிடந்தேன். நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். எனக்கு நினைவிருப்பது 108 வண்டியின் மேற்கூரையும், "கண்ணு, கண்ணு, அம்மாவப் பாரு சாமி" என்ற குரலும்தான்.

அவசரப் பிரிவில் அம்மாவிடம் "குடிப்பாரா?" என்று கேட்டபோது "அப்படியெல்லாம் இல்லீங், நல்ல பையன்" என்றிருக்கிறார். பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றினார். அதனால் வலிப்பு நோய் என்று நினைத்துத் தலைக்கு ஸ்கேன் எடுத்து அந்த வழியில் ஒரு பகல் போனது. சாயங்காலம் தாராபுரத்திலிருந்து வந்து சேர்ந்த என் மனைவிதான் டாக்டரைத் தனியே கூப்பிட்டு "மூணு வருஷமா தினமும் குடிக்கிறாருங் சார், இப்ப மூணு குவாட்டர்" என்று சொன்னாள். உடனே சிகிச்சையே மாறியது. குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் தயாமின், அதாவது பி1 வைட்டமின் ஊசி போட வேண்டும் என்பதிலிருந்து எல்லாம். நெடுநாள் குடித்தவர் உடம்பில் பி1 வற்றியிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்கே கேடு வரலாம். குடும்பத்தில் இருப்பவர்கள் மறைப்பதை மானம் என்று நினைக்காதீர்கள்.

மருந்து தாமதமாகத் தொடங்கியதாலோ என்னவோ, மறுநாள் ராத்திரி புத்தி பேதலித்தது. எனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம். கட்டிலுக்கு அடியில் ஓவர்லாக் மிஷின் ஓடுகிற சத்தம், சுவரில் பஞ்சு ஊர்ந்து போவது. மனைவி சொன்னதுதான் இன்றைக்கும் எனக்குத் தாங்க முடியாதது. ராத்திரி முழுக்க நான் பெட்ஷீட்டின் ஓரத்தைப் பிடித்து, இல்லாத டிரிம்மரால் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேனாம். ஒரு இஞ்ச் வெட்டுவது, தடவிப் பார்ப்பது, அடுத்த இஞ்ச். "பீஸ் ரிஜெக்ட் ஆயிரும், சீக்கிரம்" என்று நர்ஸை அதட்டியிருக்கிறேன். டெலிரியம் டிரெமன்ஸ் என்பார்கள். பார்த்த தொழிலையே கை தானாகச் செய்துகொண்டிருப்பது அதில் நடப்பதுதான் என்று பிறகு டாக்டர் சொன்னார். உயிரையே வாங்கக்கூடியது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். மது மூளையை அமுக்கும். தினமும் அமுக்கினால் மூளை எதிர்ப்பக்கம் இழுத்துச் சமாளிக்கப் பழகிக்கொள்ளும். கயிறு இழுக்கும் போட்டியில் எதிரணி திடீரென்று கயிற்றை விட்டால் இந்த அணி மல்லாந்து விழுமே, அதுதான் சட்டென்று நிறுத்தும்போது நடக்கிறது. கடைசிப் பெக்குக்கு ஆறேழு மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கலாம், முதல் இரண்டு நாளுக்குள் ஃபிட்ஸ் வரலாம், இரண்டிலிருந்து நாலு நாளுக்குள் புத்தி தடுமாறலாம். எல்லோருக்கும் வராது. ஆனால் யாருக்கு வரும் என்று வீட்டிலிருந்தே கணிக்க முடியாது. தினம் குடிப்பவர், காலையில் கை நடுங்குபவர், முன்பு ஒரு தடவை ஃபிட்ஸ் வந்தவர், இவர்கள் தனியாக ரூமுக்குள் நிறுத்தவே கூடாது. டாக்டர் பார்வையில், படிப்படியாகக் குறைக்கும் மாத்திரையோடு நிறுத்த வேண்டும். அந்த மாத்திரையைத் தெரிந்த மெடிக்கலில் வாங்கி நீங்களே போட்டுக்கொள்வதும் வேண்டாம், அதற்கும் அடிமையாகலாம்.

ஐசியூ ஐந்து நாள், வார்டு மூன்று நாள், ₹1,38,000. இன்ஷூரன்ஸ் தரவில்லை. மதுப்பழக்கத்துக்கான சிகிச்சைக்குப் பணம் இல்லை என்று பாலிசியின் விலக்குப் பட்டியலில் இருந்தது. வருடா வருடம் பிரீமியம் கட்டினேனே ஒழிய அந்தப் பக்கத்தை நான் திருப்பிப் பார்த்ததில்லை. மனைவியின் ஆரம் அடகுக்குப் போனது.

டிஸ்சார்ஜ் ஆனதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். ஏழாவது வாரம் மறுபடி குடித்தேன். ஒரு ராத்திரிதான், ஆனால் வீடு இடிந்துபோனது. அண்ணன் ஒரு மறுவாழ்வு மையத்துக்கு ₹10,000 அட்வான்ஸ் கட்டிவிட்டு என்னைக் கூட்டிப் போனார். டாக்டர் யார் என்று கேட்டால் "வருவாருங்" என்றார்கள், எப்போது என்பதற்குப் பதில் இல்லை. ஜன்னலுக்கு வெளிப்பக்கம் பூட்டு. அண்ணனே "வேண்டாம்டா, வா" என்று திரும்பிவிட்டார். அட்வான்ஸ் வரவில்லை. ஒரு மையத்தில் சேர்ப்பதற்கு முன் மாநில மனநல ஆணையத்தின் உரிமம் உண்டா, மனநல மருத்துவர் யார், எந்த நாளில் வருகிறார், குடும்பத்தார் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். அம்மா தன் பங்குக்கு, போஸ்டரில் பார்த்த நம்பருக்குப் போன் செய்து ₹4,500-க்கு ஒரு பொடி வாங்கி ரசத்தில் கலந்துகொண்டிருந்தார். கண்டுபிடித்துக் கொட்டினோம். இப்படி விற்பதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிராம் மாதிரி மருந்து இருந்து, அது தெரியாமல் ஒருவர் மது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. அந்த மருந்தை டாக்டர்கள் தருவது உண்டு, நோயாளியிடம் சொல்லி, அவர் சம்மதத்தோடு.

கடைசியில் போனது அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு. ஓ.பி. சீட்டு, மரபெஞ்சு, இரண்டு மணி நேரம் காத்திருப்பு, செலவு பஸ் காசு. இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று இன்றைக்கும் வயிறு எரிகிறது. எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற டெலிமனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கோ, போதை மறுவாழ்வுக்கான 14446 எண்ணுக்கோ கூப்பிடலாம், இரண்டும் இலவசம்.

அங்கே கவுன்சலிங் செய்த மேடம் முதல் நாளே கேட்டார்: "குடிக்கணும்னு தோணும்போது உடம்புல என்ன தெரியுதுங்க?" "டென்ஷன் மேடம்." "அது உடம்புல எங்க இருக்கு?" நான் முழித்தேன். தலையா, நெஞ்சா, வயிறா? சட்டையில் அரை சென்டிமீட்டர் கூடினால் எங்கே கூடியிருக்கிறது என்று கண்ணாலேயே சொல்லுகிறவன் நான். அந்தச் சட்டைக்குள் இருக்கும் உடம்பைப் பற்றிக் கேட்டால் சொல்ல ஒரு வார்த்தை இல்லை. மணிக்கட்டைத் தொடாமல், கண்ணை மூடி, ஒரு நிமிஷம் இதயத் துடிப்பை எண்ணச் சொன்னார். நான் 41 என்றேன். அவர் நாடி பிடித்து எண்ணியது 88. "பரீட்சை இல்ல, பயப்படாதீங்க" என்று சிரித்தார். உடம்புக்குள் நடப்பதை மூளை உணர்வதற்கு இன்டெரோசெப்ஷன் என்று பெயராம். தமிழில் உள்ளுணர்வு என்று சொல்லலாம்தான், ஆனால் அந்த வார்த்தையை நாம் ஏற்கனவே வேறு வேலைக்கு வைத்துவிட்டோம். குடிநோயாளிகள் இந்தத் துடிப்பு எண்ணுவதில் மற்றவர்களைவிடத் தடுமாறுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. குடியால் அப்படி ஆனதா, அப்படி இருந்ததால் குடி பிடித்துக்கொண்டதா என்று கேட்டேன். இரண்டுமே இருக்கலாம் என்றார்.

இன்னொன்றும் சொன்னார். மூளையில் இன்சுலா என்று ஒரு பகுதி, காதுக்கு மேலே உள்வாங்கி மடிந்து கிடப்பது. பசி, தாகம், நெஞ்சடைப்பு, குமட்டல் எல்லாம் நமக்குத் தெரியவருவதில் அதற்குப் பெரிய பங்கு. 2007-ல் அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உட்பட ஒரு குழு, மூளையில் அடிபட்ட புகைப்பழக்கக்காரர்களை ஆராய்ந்து வெளியிட்டது. இன்சுலா பழுதான 19 பேரில் 13 பேர் சிகரெட்டை விட்டிருந்தார்கள். அதில் 12 பேர் கஷ்டமே படாமல், திரும்ப ஆசையே வராமல் விட்டவர்கள். சிகரெட் வேண்டும் என்பதை உடம்பே மறந்துவிட்டது என்ற பொருளில் ஒருவர் சொல்லியிருக்கிறாராம். அதைக் கேட்டதும் "எனக்கும் அத வெட்டி எடுத்துருங்க மேடம்" என்றேன். பாதி ஜோக்தான். ஆனால் ஒன்று உறைத்தது. ஆசை என்று நான் மனசுக்குள் தேடியது, எச்சிலாகவும் வேர்வையாகவும் வயிற்று முறுக்காகவும் உடம்பில்தான் கிளம்புகிறது. வெட்டி எடுக்க முடியாது. படிக்கக் கற்றுக்கொள்ளலாம்.

அவர் கொடுத்த வேலை ஒரு நோட்டு. நான் அதை எங்கள் மெஷர்மென்ட் ஷீட் மாதிரி கோடு போட்டுக்கொண்டேன்: மணி, உடம்பில் எந்த இடம், எப்படி இருக்கிறது, பத்துக்கு எவ்வளவு, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, தூங்கியது எவ்வளவு. "டென்ஷன்" என்ற வார்த்தைக்கு மட்டும் தடை. முதல் வாரம் பக்கம் காலியாகவே கிடந்தது. வார்த்தை வந்தது அம்மாவிடமிருந்துதான். அவர் பேச்சைக் கவனிக்க ஆரம்பித்தேன். "வயிறு கபகபங்குது", "கை காலெல்லாம் ஓய்ஞ்சு வருது", "நெஞ்சுக்குள்ள படபடன்னு இருக்குது", "நாக்கு நமநமங்குது", "பசி காதை அடைக்குது", "அடிச்சுப் போட்டாப்பல இருக்குது". பள்ளிக்கூடம் தாண்டாத மனுஷி. உடம்புக்குள்ளே நடப்பதற்கு ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வைத்திருந்தார். எம்.காம். படித்த என்னிடம் ஒரு ஆங்கில வார்த்தைதான் இருந்தது.

இரண்டு மாதத்தில் நோட்டில் 61 பதிவு. அதில் 22 வெறும் பசி. மத்தியானம் சாப்பிடாமல் டீயும் பன்னுமாக ஓட்டிய நாட்களில் சாயங்காலம் ஆறரைக்கு வரும் கபகபப்பு. முன்பெல்லாம் அதற்குத்தான் குவாட்டர் வாங்கியிருக்கிறேன். 14 தூக்கம் கெட்ட மறுநாள். 9 ஒரு குறிப்பிட்ட பையரின் போனுக்குப் பிறகு, தோள்பட்டை இறுகி. மீதியில்தான் சுத்தமான குடி ஆசை. அதற்கு மேடம் சொல்லிக்கொடுத்தது, ஆசையை ஒரு அலை மாதிரி பார்ப்பது. ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் சொன்ன வழி. எதிர்த்து நிற்காதே, ஓடாதே, ஏறி இறங்குவதைப் பார். என் நோட்டிலிருந்து ஒரு நாள்: 6.40, நாக்கு நமநம, தொண்டை வறட்சி, 4. 6.52, அடிவயிறு முறுக்கு, காது சூடு, 8. 6.58, அப்படியே 8, எழுந்து போய்விடலாம் போல இருக்கிறது. 7.06, முறுக்கு தளர்கிறது, 5. 7.15, 2, கொட்டாவி. வாழ்க்கை முழுக்க அப்படியே இருக்கும் என்று நான் பயந்த ஒன்று, 35 நிமிஷத்தில் கொட்டாவியில் முடிந்தது. எனக்கு நம்பவே முடியவில்லை. எல்லா நாளும் இப்படி இறங்காது. இரண்டு நாள் 9-லேயே நின்றது. அன்றைக்கு நோட்டை மூடிவிட்டு அண்ணனுக்குப் போன் செய்தேன்.

இதில் எனக்கு வந்த ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். எங்கேயும் எழுதிப் படித்ததில்லை. மூச்சைக் கவனி, நெஞ்சைக் கவனி என்றால் எனக்குப் பதற்றம் கூடும். துடிப்பு காதில் கேட்க ஆரம்பித்துவிடும், ஐசியூ ஞாபகம் வரும், அதை அமுக்கவே குடிக்கலாம் போல இருக்கும். மேடத்திடம் சொன்னபோது, உடம்பைக் கூடுதலாகக் கவனிப்பதே சிலருக்குக் குடியில் கொண்டுபோய் விடும் என்றார். பயந்து பயந்து உற்றுப் பார்ப்பதும், அக்கறையோடு பார்ப்பதும் ஒன்று இல்லை. எனக்குக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, பாதம் தரையில் படுவதிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். அது ஒத்துவந்தது. உங்களுக்கும் நெஞ்சில் ஆரம்பிப்பது ஒத்துவரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், கை, கால் என்று வெளியிலிருந்து வாருங்கள். அதோடு, இந்த அலை பார்க்கிற வேலையெல்லாம் மருந்தோடு முதல் கட்டம் தாண்டிய பிறகுதான். நிறுத்திய முதல் நாட்களில் நடுக்கம், காய்ச்சல், வாந்தி, இல்லாதது தெரிவது என்றால் நோட்டை எடுக்காதீர்கள், ஆட்டோவைப் பிடியுங்கள்.

போன மாதம் புதிய மாதிரிக் கையெழுத்துக் கொடுக்க அதே பேங்குக்குப் போனேன். மூன்று இடத்தில் போட வேண்டும். இரண்டு ஒரே மாதிரி விழுந்தது, மூன்றாவது கொஞ்சம் கோணல். "போதும் சார்" என்றாள் அதே பெண். வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது மணி 11.40. வாயில் எச்சில் ஊறியது. அடிவயிற்றில் அதே முறுக்கு. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நோட்டை எடுத்தேன். காலையில் சாப்பிடவில்லை என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. எதிரே இருந்த மெஸ்ஸில் இட்லி தீர்ந்துவிட்டது, பரோட்டாதான் இருக்கிறது என்றார்கள். இரண்டு போடச் சொன்னேன்.